புது டயர் போட்டேன், வீல்ல நாலு பல்லுத்தடம்

டயர் மாத்துனது வியாழக்கிழமை, வீல்ல அடி பட்டிருக்கறதப் பாத்தது ஞாயித்துக்கிழமை. நடுவுல இருந்த அந்த மூணு நாள்தான் என்னைப் போட்டு பாடாப்படுத்துச்சு.

வண்டி ஐ20 கார், 2021 மாடல், 46,000 கிலோமீட்டர் ஓடிருச்சு. கம்பெனில இருந்து வந்த டயர் பட்டனெல்லாம் தேஞ்சு மொட்டையாகி, ஒரு நாள் மழைல மேட்டுப்பாளையம் ரோட்டுல பிரேக் அடிச்சப்ப வண்டி நிக்காம வழுக்கிட்டே போச்சு, அப்பவே மாத்திருக்கணும். 2025 செப்டம்பர் 22ல இருந்து டயருக்கு ஜிஎஸ்டி 28ல இருந்து 18 சதவீதமா கொறையுதுன்னாங்க, சரி அது வரைக்கும் ஓட்டுவோம்னு ஓட்டி, அப்புறம் தீபாவளிச் செலவு முடியட்டும்னு ஓட்டி, கடைசில நவம்பர்லதான் போனேன். 195/55 ஆர்16 சைஸ்ல நாலு டயர், பேலன்சிங் அலைன்மென்ட் எல்லாம் சேத்தி 29,000 சொச்சம். டயர் சைடுல இருக்கற நாலு நம்பரை மட்டும் ரொம்ப உஷாரா பாத்தேன். 3625ன்னு இருந்துச்சு, 2025ல 36வது வாரம் செஞ்ச டயர், பழைய ஸ்டாக்கத் தலைல கட்டலன்னு எனக்கு நானே சபாஷ் சொல்லிட்டு எதுத்தாப்ல இருந்த பேக்கரிக்குப் போயி டீயும் தேங்கா பன்னும் சாப்ட்டுட்டு உக்காந்திருந்தேன். கோயமுத்தூர்க்காரனுக்குப் பேக்கரி கண்ணுல பட்டா அவ்வளவுதான். அந்த முக்கா மணி நேரம் மெஷின் பக்கத்துல நின்னிருந்தா இந்தக் கதையே இல்ல.

ஞாயித்துக்கிழமை வண்டி கழுவறப்ப முன்னாடி வீல ஈரத்துணில தொடைச்சேன், துணி எதுலயோ மாட்டி நூல் இழுத்துச்சு. குனிஞ்சு பாத்தா ரிம் ஓரத்துல நகத்தளவுக்கு ஒரு நசுங்கல், அதுல பிசிறு. அலுமினியம் வெள்ளை வெளேர்னு மின்னுது. வீல மெதுவா சுத்திப் பாத்தா கடிகாரத்துல 12 மணி, 3 மணி, 6 மணி, 9 மணின்னு அளந்து வெச்ச மாதிரி நாலு எடத்துல அதே தடம். அதுக்கு உள்பக்கமா ரிம்ம முழுசா ஒரு சுத்து சுத்தி வர்ற மாதிரி மெல்லிசா ஒரு கோடு வேற. நாலு வீலும் இதே கதை. நட்டு போற ஓட்டையச் சுத்தி பெயின்ட்டும் அங்கங்க உரிஞ்சிருக்கு.

கடைக்கு போன் பண்ணேன். ஓனர் கத்தல கித்தல எதுவும் இல்ல, ரொம்ப சாந்தமா, "மூணு நாள் எங்கெங்க ஓட்டுனீங்களோ சார், பிளாட்பாரத்துல ஏத்திருப்பீங்க, எங்க பசங்க பத்து வருசமா வேலை செய்யறாங்க"ன்னாரு. அந்த சாந்தத்துலயே எனக்கு பாதி சந்தேகம் வந்துருச்சு, நெஜமாவே நாமதான் எங்கயாச்சும் உரசிட்டமோன்னு.

என் மாமா பையன் கணபதி ஏரியால லேத் பட்டறை, அதாவது இரும்புச் சாமானச் சுத்த விட்டுக் கடையற பட்டறை வெச்சிருக்கான், வண்டிய எடுத்துட்டு அங்க போயிட்டேன். சுத்திப் போற அந்த மெல்லிசு கோட்ட அவன் கண்டுக்கவே இல்ல. கட்டைவிரல் நகத்த அந்த நசுங்கல்ல வெச்சு ஒரு தேய், அப்புறம் எதுத்த பக்கம் ஒரு தேய், சிரிச்சிட்டான். "மாப்ள, இது பிளாட்பாரம் இல்ல. நாலு ஜா சக்குல பேக்கிங் வெக்காமப் புடிச்ச ஜாப். நம்ம பட்டறைல எவனாச்சும் இப்படிப் பண்ணா அன்னைக்கே வெளிய போடான்னுருவேன்."

ஜாப்னா கடையற சாமான், சக்குன்னா அதக் கவ்விப் புடிக்கற பல்லு வெச்ச புடி. லேத்துல ஃபினிஷ் ஆன ஜாபை திருப்பிப் புடிக்கறதுன்னா சக்கு பல்லு தடம் விழக்கூடாதுன்னு நடுவுல காப்பர் தகடோ அலுமினியத் தகடோ வெச்சுத்தான் டைட் பண்ணுவாங்களாம். டயர் மாத்தற மெஷின்லயும் அதேதான், சுத்தற மேடைல நாலு இரும்புப் புடி இருக்கும், இந்த மாதிரி அலுமினிய அலாய் வீல்னா வெளிப்பக்கமா ரிம்மைக் கவ்விப் புடிக்கும். அந்தப் புடி மேல பிளாஸ்டிக் மூடி போட்டிருக்கணும். டயர ரிம்முக்கு மேல தூக்கி விடற வாத்து மூக்கு மாதிரி ஒரு தலை இருக்கே, அதுக்கு அடியிலயும் ஒரு பிளாஸ்டிக் துண்டு இருக்கணும். ரெண்டும் தேஞ்சு போற சாமான், அப்பப்ப மாத்தணும். மாத்தலன்னா இரும்பு நேரா அலுமினியத்துல உக்காரும். நாலு தடம் அந்தப் புடியோடது, சுத்திப் போற கோடு அந்த மூக்கோடது. பிளாட்பாரத்துல உரசுனா இப்படி அளந்தாப்ல வராது, ஒரு பக்கமா வளைவா சொரசொரன்னு வரும், உள்ள சிமென்ட் தூசி ஒட்டிருக்கும், நாள் ஆக ஆக மங்கிப் போயிரும்.

இப்ப ஆதாரம் வேணுமே. டயர் போடறதுக்கு முன்னாடி வீல் நல்லா இருந்துச்சுன்னு எப்படிக் காட்டறது, யாராச்சும் சும்மா வீலப் போட்டோ எடுத்து வெப்பாங்களா. ராத்திரி படுத்துட்டு யோசிச்சப்பதான் ஞாபகம் வந்துச்சு, ஆயுத பூஜைக்கு வண்டியக் கழுவி சந்தனம் குங்குமம் வெச்சு மாலை போட்டு, டயருக்கு அடியில எலுமிச்சம்பழம் வெச்சு, பொண்ணு அந்தப் பழம் நசுங்கறத வீடியோ எடுக்கறேன்னு நாலு வீலுக்கும் கிட்டக்க போயி உக்காந்து எடுத்திருந்தா. அக்டோபர் 1ஆம் தேதி. ரிம் ஓரம் பளபளன்னு தெரியுது, எந்தத் தடமும் இல்ல. எலுமிச்சம்பழம் திருஷ்டி கழிக்குதோ இல்லியோ, எனக்கு சாட்சி சொல்லுச்சு.

திங்கக்கிழமை கடைக்குப் போறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் வாட்ஸ்அப்ல ஓனருக்கு அனுப்பிட்டேன், பில்லு போட்டோ, தடம் கிட்டக்க எடுத்த போட்டோ, பொண்ணு எடுத்த வீடியோ. எழுத்துல ஒண்ணு இருக்கணும்னு. வக்கீல் நண்பர் ஒருத்தர் சொன்னாரு, முதல்ல 1915க்கு போன் பண்ணி தேசிய நுகர்வோர் உதவி எண்ல பதிவு பண்ணு, அதுலயும் ஆகலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம், 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் கிடையாது, ரெண்டு வருசத்துக்குள்ள போடலாம்னு. 2019 சட்டத்துலயும் அதோட விதிகள்லயும் இருக்காம். வீலுக்காக கோர்ட்டு வரைக்கும் போற ஆளு நான் இல்ல, ஆனா அந்த நம்பர் மனசுல இருந்தா பேசறப்ப குரல் நடுங்கறது இல்ல.

கடைல ஓனர் முதல்ல சுவத்தைக் காட்டுனாரு. அலாய் வீல் சேதத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்லன்னு போர்டு. "பாத்துட்டேங்க, மெஷினக் காட்டுங்க"ன்னேன். காட்டுனாரு. நாலு புடில ஒண்ணுலகூட பிளாஸ்டிக் இல்ல, பல்லு இளிச்சிட்டு இருக்குது. வேலை செஞ்ச பையன் தலையக் குனிஞ்சுக்கிட்டான். ஓனர் உடனே, "இவன் சம்பளத்துல புடிச்சுக்கறேன் சார்"ங்கறாரு! எனக்கு வந்த கோபத்துக்கு, வீல விட்டுட்டேன், பிளாஸ்டிக் மூடி வாங்கித் தர வேண்டியது நீங்களா அவனாங்க, அவன் சம்பளத்துல ஒரு ரூபா புடிச்சாலும் எனக்கு ஒண்ணும் வேண்டாம்னு கொஞ்சம் சத்தமாவே சொல்லிட்டேன்.

அப்புறம்தான் மனுசன் என்னைய மடக்குனாரு. வீடியோவ நிறுத்தி பெருசு பண்ணி, "எல்லாம் சரிங்க, பின்னாடி இடது வீல்ல இந்த சொரண்டல் உங்க பூஜை வீடியோலயே இருக்குதுங்களே"ன்னாரு. இருந்துச்சு. ஜூலைல மாமியார் வீட்டு வாசல்ல சாக்கடைத் திட்டுல நானே ஏத்துனது. நாலு வீலும் நீங்கதான் கெடுத்தீங்கன்னு நான் எழுதிருந்தது அவர் போன்லயே இருக்கு. சுருக்குன்னு ஆயிருச்சு எனக்கு. அதுலயும் நாலு பல்லுத்தடம் இருக்குதுன்னு வாதாடிருக்கலாம், ஆனா பெரிய காயம் என்னுது. சரி அது என் கணக்கு, மூணு வீல் உங்க கணக்குன்னு பேசி முடிச்சோம். கழட்டி மாட்டற கூலி, பேலன்சிங் எல்லாம் அவரோடதுன்னு பேப்பர்ல எழுதி வாங்கிட்டேன், இதச் சொல்லாம விட்டா அதுக்குத் தனி பில் வரும்.

ரிப்பேர்னா நான் ஏதோ டச்சப் பெயின்ட்னு நெனச்சேன். என் வீல் டைமன்ட் கட், கறுப்பு பெயின்ட்டுக்கு மேல முகத்த மட்டும் கடைஞ்சு மேல கிளியர் கோட், அதாவது கலர் இல்லாத பூச்சு அடிச்சது. அந்தக் கிளியர் கோட் ஒடஞ்சா தண்ணி உள்ள போயி, வெள்ளை வெள்ளையா புழு ஊர்ந்த மாதிரி படர ஆரம்பிக்கும், அழகுக்காக மட்டும் இல்ல, விட்டா வளந்துட்டே போகும். நம்ம லேத்துலயே ஒரு ஓட்டு ஓட்டிரலாமாடான்னு மாமா பையனக் கேட்டேன், அவன் கும்புடு போட்டுட்டான். வீல் முகம் வளைவு, ஒரு ஊசி முனை மொதல்ல அந்த வளைவைத் தடவி அளந்துக்கிட்டு அதுக்கப்புறம் கம்ப்யூட்டர்ல ஓடற சிஎன்சி மெஷின் மெல்லிசா சீவணும், அதுக்குன்னு தனி மெஷின் வேணும். ஒவ்வொரு தடவை சீவறப்பவும் உலோகம் கொறையும், அதனால திரும்பத் திரும்பப் பண்ண முடியாது. ஒரு வீலுக்கு 2,800 சொன்னாங்க.

நட்டு கதைய மறந்துட்டேன் பாருங்க. அந்த ஞாயித்துக்கிழமையே ஒரு வீலக் கழட்டி உள்பக்கம் பாக்கலாம்னு வண்டில இருக்கற ஸ்பேனரப் போட்டேன், அசையல. மேல ஏறி நின்னேன், அப்பவும் அசையல. எங்க வண்டி மேனுவல்ல நட்டு முடுக்கற அளவு, டார்க்ம்பாங்க, 11ல இருந்து 13 கிலோகிராம்-மீட்டர்னு போட்டிருக்கான், காத்துல ஓடற நட்டு கன் வெச்சு டர்ர்ர்னு அடிச்சுவிட்டா எவ்வளவு ஏறுச்சுன்னு யாருக்குத் தெரியும். ராத்திரி பத்து மணிக்கு காங்கேயம் ரோட்டுல பஞ்சராகி, வீட்டம்மாவும் பொண்ணும் ஓரமா நிக்க, நான் ஸ்பேனர் மேல குதிச்சுட்டு இருக்கறத நெனச்சுப் பாத்தேன். கீறலவிட எனக்கு பயம் தந்தது இதுதான்.

மூணு வீலும் திரும்பி வந்தப்ப பேக்கரிப் பக்கமே போகல, மெஷினுக்கு ரெண்டடி தள்ளி நின்னேன். நாலு புடிலயும் செவப்புக் கலர் பிளாஸ்டிக். பையன் என்னைப் பாத்து, "நேத்துதான் வாங்குனாருங்ணா"ன்னான். நட்டு நாலையும் கையில முடுக்கி, எதிரும் புதிருமா டார்க் ரெஞ்ச், அதான் அளவு வந்தா டிக்னு சொல்ற ஸ்பேனர், அதப் போட்டு டிக் டிக்னு டைட் பண்ணான், சம்பளத்துல புடிச்சாங்களான்னு கேட்டேன், இல்லைங்ணான்னான்.

பின்னாடி இடது வீல் அப்படியேதான் இருக்கு. 2,800 ரூபா, பொங்கல் கழியட்டும்.