ஓட்டை மேலே, வலி கீழே: ஒரு ஹவுஸ் சர்ஜனின் நாட்குறிப்பு

நவம்பர் 8, புதுச்சேரி

நைட் டியூட்டி. பதினொன்றரை மணிக்குப் பண்ருட்டிப் பக்கத்திலிருந்து ஒரு அண்ணன் வந்தார். முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலை. வலது அடிவயிற்றில் கை வைத்தாலே துடித்தார். குடல்வால் அழற்சி என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டேன். வலது தோளும் வலிக்கிறது என்றார். மூட்டை தூக்கியிருப்பார் என்று விட்டுவிட்டேன்.

சீனியர் அக்கா வந்து, "அண்ணா, முதல்ல எங்க வலிச்சுது?" என்று கேட்டார். சாயங்காலம், மேல்வயிற்றில், திடீரென்று கத்தியால் குத்தின மாதிரி. முதுகுவலிக்கு மாதக்கணக்காகக் கடையில் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறாராம். நிற்க வைத்து எக்ஸ்ரே எடுத்தோம். லிவருக்கு மேலே பிறை மாதிரி காற்று. எங்கோ ஓட்டை விழுந்து காற்று வெளியே வந்திருக்கிறது.

நவம்பர் 9

இரைப்பையை அடுத்த முன்சிறுகுடலில் மிளகளவு ஓட்டை. அந்த வலி மாத்திரைகளால் வந்த புண்ணாக இருக்கலாம். பக்கத்திலிருந்த ஓமெண்டத்தை, அதாவது குடலை மூடியிருக்கும் கொழுப்புத் திரையை, அதன்மேல் வைத்துத் தைத்தார்கள். குடல்வாலுக்கு ஒன்றுமே இல்லை. அதைச் சுற்றித்தான் பித்தம் கலந்த தண்ணீர் தேங்கிக் கிடந்தது. லிவருக்கு அடியிலிருந்து பெருங்குடலின் வலப்பக்க ஓரமாகவே இறங்கி வந்திருக்கிறது. பாராகோலிக் கட்டர் என்று பரீட்சைக்கு மனப்பாடம் செய்த வாய்க்கால் அதுதான்.

தோள்வலிக்கும் காரணம் புரிந்தது. நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தின் நரம்பு கழுத்தில் 3, 4, 5-ஆம் தண்டுவட நரம்புகளிலிருந்து வருகிறது. தோள்பட்டைத் தோலின் உணர்வும் அங்கேதான் போய்ச் சேருகிறது. அடியில் எரிச்சல் பட்டால் தோள் வலிக்கும். அவர் சொன்னதைக் காதில் வாங்கியிருக்க வேண்டும்.

நவம்பர் 10

நான் கடலூர்க்காரன். எங்கள் மாவட்டத்தை வடிகால் மாவட்டம் என்பார்கள். எங்கோ பெய்த மழை தென்பெண்ணையிலும் கெடிலத்திலும் எங்கள் பக்கம் வந்து சேரும். தெருவில் தண்ணீர் ஏறினால் அப்பா முதலில் கேட்பது, மேற்கே எங்கே மழை என்றுதான். வயிற்றையும் அப்படித்தான் படித்திருக்க வேண்டும்.

மல்லாந்து படுத்தால் பள்ளம் இரண்டு. ஒன்று லிவருக்கும் வலது கிட்னிக்கும் நடுவே உள்ள மாரிசன்ஸ் பௌச். விபத்தில் அடிபட்டு வருபவருக்கு ஸ்கேன் கருவியை இங்கே வைத்துப் பார்ப்பது அதனால்தான்; ரத்தம் கறுப்புக் கோடாகத் தெரியும். மற்றது இடுப்புக்குழி. பெண்களுக்குக் கர்ப்பப்பைக்குப் பின்னால் இருப்பது டக்ளஸ் பௌச். கருக்குழாயில் தங்கிய கரு வெடித்தால் ரத்தம் அங்கே சேரும்.

வலப்பக்க வாய்க்கால் அகலம்; மேலே உதரவிதானம் வரை தடையே இல்லை. இடப்பக்கத்தில் மண்ணீரலுக்குக் கீழே ஒரு மடிப்பு வரப்பு மாதிரி குறுக்கே நிற்கிறது. இரைப்பைக்குப் பின்னால் இருக்கும் லெஸ்ஸர் சாக் என்ற பைக்கு வாசல் ஒன்றுதான். முதல் வருஷம் டிஸெக்‌ஷன் ஹாலில் அதற்குள் விரல் விட்டது இன்னும் நினைவிருக்கிறது: விரலுக்கு முன்னால் பித்தக்குழாய், ஈரல் தமனி, போர்ட்டல் சிரை, பின்னால் பெருஞ்சிரை. லிவரில் ரத்தம் கொட்டினால் அந்த முன்பக்கக் கற்றையைப் பிடித்து அழுத்தலாம் என்று பிரிங்கில் என்ற சர்ஜன் 1908-இல் எழுதினார்.

நவம்பர் 14

அண்ணனுக்குக் காய்ச்சல். சளி மாதிரி அடிக்கடி வெளிக்குப் போகிறது. வயிற்றுப்போக்கு என்று நினைத்து நான் மருந்து எழுதப் போனேன். அக்கா தடுத்து, மலக்குடலில் விரல் வைத்துப் பார்க்கச் சொன்னார். முன்சுவர் புடைத்து, சூடாக, தொட்டால் வலித்தது. சிறுநீர்ப்பைக்குப் பின்னால் சீழ். ஸ்கேனும் அதையே காட்டியது. மலக்குடல் வழியாகவே வெளியே எடுத்தார்கள்.

ஆபரேஷன் முடிந்ததிலிருந்து தலைமாட்டை உயர்த்தியே வைத்திருந்தோம். உதரவிதானத்துக்கு அடியில் தேங்கினால் விஷம் சீக்கிரம் ரத்தத்தில் ஏறும், எட்டுவதும் கஷ்டம். இடுப்புக்குழி என்றால் விரலுக்கு எட்டும்.

நவம்பர் 17

காய்ச்சல் விட்டது. இரண்டு இட்லி சாப்பிட்டார். "ஓட்டை மேல இருந்துதுன்றீங்க, வலி ஏன் தம்பி கீழ வந்துது?" என்று கேட்டார். ஒரு தாளில் வரைந்து காட்டினேன். விரலால் அந்தக் கோட்டின் மேலேயே இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். முதுகுவலி மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கவே கூடாது என்று அவர் மனைவியிடமும் தனியாகச் சொன்னேன். டிஸ்சார்ஜ் சீட்டிலும் சிவப்பு மையில் எழுத வேண்டும்.