நிறுக்காத கொழுந்து போல ஒரு கணக்கு

ஹட்டன் பக்கம் எங்கள் தோட்டத்து வாசிகசாலையில் பழைய திருவிழா மலர்கள் ஒரு அலுமாரி நிறைய இருக்கின்றன. ஒவ்வொரு மழைக்காலத்திலும் சிலது பூஞ்சணம் பிடித்துப் போகிறது. மிஞ்சியதையாவது காப்பாற்ற, ஸ்கேன் செய்து, படத்திலுள்ள எழுத்தை வாசிக்கும் டெசராக்ட் என்ற மென்பொருள் மூலம் எழுத்தாக மாற்றத் தொடங்கினேன். முழுவதற்கும் வாடகை சர்வர் வேண்டும், அங்கே சிபியு நேரத்துக்குத்தான், அதாவது செயலி உண்மையில் வேலை செய்த நேரத்துக்குத்தான் காசு. ஆகவே பக்கத்துக்கு எவ்வளவு பிடிக்கிறது என்று என் மடிக்கணினியில் 40 பக்கங்களை ஓடவிட்டுப் பார்த்தேன்.

9 நிமிடம் ஓடியது. என் பைதான் நிரலில் சிபியு நேரத்தைச் சொல்லும் புரொசஸ்_டைம் சொன்னதோ 2 செக்கன்! அது தன் சொந்த நேரத்தை மட்டும்தான் சொல்லும்; பக்கத்தை வாசிப்பது டெசராக்ட், அதாவது என் நிரல் தொடங்கிவிடும் வேறொரு நிரல், பிள்ளை புரொசஸ். சரி என்று, நேரக் கணக்கைத் தரும் கெட்ஆர்யூசேஜ் என்ற லினக்ஸ் அழைப்பிடம் பிள்ளைகளின் கணக்கைக் கேட்டேன். பூச்சியம்.

இரண்டு இரவு இதிலேயே போனது. அம்மா தேயிலைக் கொழுந்து எடுத்தவர். மடுவம் என்பது கொழுந்து நிறுக்கும் இடம். "கூடையில எவ்வளவு கிடந்தாலும் மடுவத்துல நிறுத்து எழுதினாத்தான் கிலோ" என்பார். லினக்ஸும் அப்படித்தான். பிள்ளை முடிந்து, பெற்ற புரொசஸ் வெயிட் என்ற காத்திருக்கும் கட்டளையை அழைத்து அதன் முடிவை வாங்கும் கணத்தில்தான் பிள்ளையின் நேரம் பெற்றவர் பெயரில் ஏறும். ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளைக்குக் கணக்கில் இடமே இல்லை. நான் டெசராக்டைத் தொடங்கிய கையோடு கேட்டிருக்கிறேன். வெயிட்டுக்குப் பிறகு கேட்டதும் 22 நிமிடம் வந்தது. செயலியின் நான்கு கோரில் டெசராக்டின் இழைகள் (ஒரே வேலையின் பகுதிகள்) ஒன்றாக ஓடுவதால் கடிகார நேரத்தை இது மிஞ்சுவது சரிதான்.

அப்போதும் மனம் ஒப்பவில்லை. ஸ்கேனில் கறை நீக்கும் அன்பேப்பர் என்ற நிரலை, நான் எழுதிய ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் பின்னணியில் ஓடவிட்டு, காத்திருக்காமல் தான் முதலில் முடிந்துவிடுகிறது. அநாதையான புரொசஸை, லினக்ஸில் முதலில் தொடங்கும் சிஸ்டம்டி எடுத்துக்கொள்ளும். அதன் நேரம் என் கணக்குக்கு வரவே வராது. ஆகவே எல்லாவற்றையும் ஒரே சிகுரூப்புக்குள், அதாவது புரொசஸ்களைச் சேர்த்துக் கணக்கெடுக்கும் ஒரு குழுவுக்குள் ஓடவிட்டு, சிபியு.ஸ்டாட் கோப்பில் யூசேஜ்_யூசெக் வரியைப் பார்த்தேன். மைக்ரோசெக்கனில் இருக்கும். வகுத்துப் பார்த்தால் 27 நிமிடம். பேரப்பிள்ளைகளை உருவாக்கும் வேலைக்கு நான் நம்புவது இதை மட்டும்தான்.

அப்புறம் இழைகளின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் ஓஎம்பி_திரெட்_லிமிட்டை 1 ஆக்கி, ஒரே சமயத்தில் நான்கு பக்கங்களைப் பக்கத்துக்கு ஓர் இழையாக ஓடவிட்டேன். 27 நிமிடம் 17 ஆனது. டெசராக்டின் இழைகள் ஒன்றுக்கொன்று காத்திருந்தே அவ்வளவு நேரத்தைத் தின்றிருக்கின்றன.

இப்போது, முடிந்த பிள்ளையின் நேரத்தையும் சேர்த்துத் தரும் வெயிட்4 அழைப்பு, பக்கம் பக்கமாக நேரத்தைத் தருகிறது. அதிக நேரம் பிடிப்பவை பெரும்பாலும் பூஞ்சணப் புள்ளி நிறைந்த பக்கங்கள். புள்ளியையெல்லாம் எழுத்தென்று நினைத்து டெசராக்ட் மல்லுக்கட்டுகிறது. அந்தப் பக்கங்களைத் தனியே எடுத்துவைத்து, நல்ல வெயில் அடிக்கும் நாளில் உலர்த்தி, மெல்லிய தூரிகையால் தட்டி, மறுபடி ஸ்கேன் செய்கிறேன்.