மூணு மில்லிமீட்டர்

சிங்கப்பூர்ல ஒரு ஆஸ்பத்திரியில எம்ஆர்ஐ ரேடியோகிராஃபரா பதினோரு வருஷமா வேல பாக்குறேன். மூளைக்கட்டி ஃபாலோ அப்னு லிஸ்ட்ல வந்தா ஆள கூப்பிடுறதுக்கு முன்னாடி போன தடவ எடுத்த படத்ததான் மொதல்ல தெறப்பேன். தல எந்த சாய்வுல இருந்துச்சு, கட்டிய வெள்ளையா காட்டுறதுக்கு போடுற கான்ட்ராஸ்ட் மருந்து ஊசி போட்டு எத்தன நிமிஷம் கழிச்சு எடுத்தாங்க, எல்லாம் பாத்து அதே மாதிரி எடுக்கணும், ஏன்னா கட்டி வளந்திருக்கான்னு ஒத்த படத்த வச்சு சொல்லவே முடியாது, பழசையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல வச்சாதான் தெரியும்.

கணக்கு இப்படித்தான். கான்ட்ராஸ்ட் ஏறி வெள்ளையா தெரியுற எடத்துல நீளத்தயும் அதுக்கு குறுக்கால அகலத்தயும் அளந்து பெருக்குவாங்க. ரேனோனு 2010ல வந்த விதிமுறைப்படி அது 25 சதவீதம் கூடுனா கட்டி வளந்திருக்குன்னு அர்த்தம். 20க்கு 16 மில்லிமீட்டர் இருந்தது 23க்கு 18 ஆனா போதும், 29 சதவீதம் கூடிடுச்சு. வெறும் மூணு மில்லிமீட்டர், ரெண்டு மில்லிமீட்டர்! வேலைக்கு சேந்த புதுசுல ஒருத்தருக்கு சாய்வ மாத்தி எடுத்துட்டேன், கட்டி பெருசான மாதிரி தெரிஞ்சுது. நல்லவேள ஒரு மில்லிமீட்டர் கனத்துல எடுத்த த்ரீ டி படம் இருந்ததால படத்த பாத்து சொல்ற டாக்டரான ரேடியாலஜிஸ்ட் அத பழைய கோணத்துக்கு திருப்பி அளந்து பாத்துட்டாங்க, ஒண்ணும் மாறல. அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல.

ஆனா சாய்வு சரியா இருந்தும் படம் ஏமாத்துற நேரம் ஒண்ணு இருக்கு. துறைமுகத்துல வேல பாத்து ரிட்டயர் ஆன ஒரு ஐயா, கிளையோபிளாஸ்டோமா, வேகமா வளர்ற மூளைப் புத்துநோய். ஆபரேஷன் முடிஞ்சு ஆறு வாரத்துல 30 தடவ ரேடியேஷன், கூடவே டெமோசோலோமைட்னு கீமோ மாத்திரை. அது முடிஞ்ச பிறகு மொத ஸ்கேனுக்கு வந்தாரு. இடுப்புல வெள்ளி அரைஞாண், உலோகம் எதுவும் உள்ள போகக்கூடாது, முடிச்சு இறுகிப்போய் கழட்டவே வரல. கூட வந்த அவரு வீட்டு அம்மாதான் கை நடுங்க நடுங்க கால் மணி நேரம் போராடி அவுத்து கைக்குட்டையில முடிஞ்சு வச்சுக்கிட்டாங்க.

ஸ்கிரீன்ல பாத்தா வெள்ள வளையம் முன்னவிட நல்லா பெருசு. எனக்கு பக்குனு ஆயிடுச்சு. வெளிய வந்ததும் அம்மா, "தம்பி, வளந்துடுச்சாப்பா?"ன்னாங்க. "டாக்டர்தான்மா சொல்லணும்"னேன். விதி அதான், ஆனா நெசமாவே எனக்கும் தெரியாது. ரேடியேஷன் முடிஞ்ச மொத மூணு மாசத்துல செத்துக்கிட்டு இருக்குற திசுவும் கான்ட்ராஸ்ட்ட கசிய விடும், ரெண்டும் வெள்ளையாத்தான் தெரியும். வளராமலே வளந்த மாதிரி தெரியுற இதுக்கு சூடோ ப்ரோக்ரஷன்னு பேரு. அதனாலதான் ரத்த ஓட்டத்த காட்டுற பெர்ஃப்யூஷன் படமும் சேத்து எடுக்குறோம், உயிரோட வளர்ற கட்டி ரத்தத்த இழுக்கும், ரேடியேஷன்ல வெந்த திசு அப்படி இழுக்காது. அவரோட மேப்புல அந்த எடம் நீலமாவே கெடந்துச்சு, ரத்தம் கம்மி. மூளை வீக்கத்துக்கு குடுக்குற டெக்ஸாமெத்தசோன் ஸ்டீராய்டு எவ்வளவு சாப்பிடுறாருன்னும் கேட்டு எழுதி வச்சேன், அது கசிவ கொறச்சு படத்தயே நல்லதா காட்டிடும். இத கேக்காம விடுறவங்கள பாத்தா எனக்கு கோவம் வரும்.

டாக்டருங்க மருந்த நிறுத்தாம ரெண்டு மாசம் பொறுத்து திரும்ப எடுக்க சொன்னாங்க. வளையம் சின்னதாயிருந்துச்சு. இது குணமாகுற வியாதி இல்லன்னு எனக்கு தெரியும், அவங்களுக்கும் டாக்டர் சொல்லியிருப்பாங்க. அந்த ரெண்டாவது தடவ அரைஞாண் ஒரு நிமிஷத்துல கழண்டு வந்துடுச்சு. "சிராங்கூன் ரோட்டு நகைக்கடையில குடுத்து கொக்கி வச்சுட்டேன் தம்பி, இனிமே அடிக்கடி கழட்டணுமே"ன்னு சொல்லி அம்மா கைக்குட்டைய விரிச்சாங்க.