பொனேரில் ஓபன் வாட்டர் சான்றிதழ்: தேர்வு சுலபம், மாஸ்க்தான் படுத்தியது

"ஒரு ஆக்ஸிஜன் சிலிண்டர் எவ்வளவு நேரம் வரும்?" என்று அம்மா இன்னமும் ஃபோனில் கேட்கிறார். சிலிண்டரில் இருப்பது நாம் மூச்சுவிடும் இதே காற்றுதான், அழுத்தி அடைத்தது. சிலிண்டரோடு கடலுக்குள் மூழ்கும் ஸ்கூபாவுக்கு 'ஓபன் வாட்டர்' என்ற தொடக்கநிலைச் சான்றிதழ் வாங்கப் படிக்கிற வரை எனக்கும் அது தெரியாது.

நெதர்லாந்தில் வேலை பார்ப்பதால் பொனேர் போவது எளிதாக இருந்தது. வெனிசுவேலாவுக்கு வடக்கே இருக்கும் டச்சுத் தீவு அது. ஆம்ஸ்டர்டாமிலிருந்து நேரடி விமானம் உண்டு. முதல்முறை கற்கிறவர்களுக்கு அங்கே பெரிய வசதி, பவளத்திட்டு கரையை ஒட்டியே இருப்பது. பல இடங்களில் படகே வேண்டாம். சாலையோரம் மஞ்சள் பெயின்ட் அடித்த கல்லில் இடத்தின் பெயர் இருக்கும். வண்டியை நிறுத்தி, சிலிண்டரை மாட்டிக்கொண்டு நடந்தே இறங்கலாம். தீவைச் சுற்றி 60 மீட்டர் ஆழம் வரை 1979 முதல் பாதுகாக்கப்பட்ட கடல் பூங்கா. கையுறைக்குத் தடை, கையுறை இருந்தால் பவளத்தைப் பிடிக்கத் தோன்றிவிடும் அல்லவா.

பாடத்தை ஆன்லைனில் ஊரிலேயே முடித்துவிட்டுப் போங்கள். கண்ணெதிரே அந்த நீலக் கடலை வைத்துக்கொண்டு அறையில் உட்கார்ந்து வீடியோ பார்ப்பது கொடுமை. நான் எழுதிய PADI (ஸ்கூபா பயிற்சி அமைப்பு) தேர்வில் 50 கேள்விகள், 75 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி.

நான் தடுமாறியது அழுத்தக் கணக்கில். நீர்மட்டத்தில் அழுத்தம் 1 பார் (bar, அழுத்தத்தின் அலகு), 10 மீட்டரில் 2, 20 மீட்டரில் 3. ஆழம் கூடக்கூட ஆபத்தும் கூடும் என்று நினைத்து, காற்றின் கன அளவு அதிகம் மாறுவது ஆழத்தில்தான் என்று குறித்தேன். தப்பு. மேலே ஊதிய பலூனைக் கொண்டுபோனால், முதல் 10 மீட்டரிலேயே அது பாதியாகிவிடும்; அடுத்த 10 மீட்டரில் அந்தப் பாதி மூன்றில் ஒரு பங்காவதோடு சரி. மறுநாள் தண்ணீரில் இறங்கியபோது என் காதே இதைச் சொல்லிக்கொடுத்தது. வலி வந்தது மூன்றே மீட்டரில். மூக்கைப் பிடித்து மெல்ல ஊதுவதை வலி வருமுன் செய்ய வேண்டும். வந்துவிட்டால் கொஞ்சம் மேலே ஏறி மறுபடி முயலுங்கள். சளி இருந்தால் அன்றைக்கு இறங்கவே வேண்டாம்.

அடுத்தது கண்ணையும் மூக்கையும் மூடும் மாஸ்க். அதில் தண்ணீரை விட்டு, பிறகு நீருக்குள்ளேயே வெளியேற்றிக் காட்டணும். முதல் தடவை மூக்கில் உப்புத்தண்ணீர் ஏறியதும் பதறி எழுந்துவிட்டேன். நின்ற இடம் இடுப்பளவு ஆழம்தான், மானம் போனது தனிக்கதை. செய்முறை இதுதான்: மேல் விளிம்பை நெற்றியோடு அழுத்தி, முகத்தைச் சற்று நிமிர்த்தி, மூக்கால் நிதானமாக ஊதணும். வாயால் இழுத்து மூக்கால் விடுவது பழகாததுதான் சிக்கலே. அன்றிரவு விடுதி வாஷ்பேசினை நிரப்பி, மாஸ்க் இல்லாமல் ஸ்நார்க்கல் என்ற மூச்சுக்குழாயை மட்டும் கடித்துக்கொண்டு முகத்தை முக்கிப் பத்து நிமிடம் பழகினேன். காலையில் ஒரே மூச்சில் தண்ணீர் வெளியே போனது. நீங்கள் வீட்டு வாளியிலேயே பழகிவிட்டுப் போகலாம்.

நான்கு முழுக்குகளில் மூன்றாவதில்தான் சுற்றிலும் பார்க்கவே தோன்றியது. கறுக் கறுக்கென்று ஒரு சத்தம், முறுக்கு கடிக்கிற மாதிரி. திரும்பினால் பச்சையும் நீலமுமாக ஒரு கிளிமீன், அலகு மாதிரிப் பல்லால் பாறையைச் சுரண்டிக்கொண்டிருந்தது. பாசியோடு சேர்த்து விழுங்கும் சுண்ணாம்பை அரைத்து மணலாக வெளியேற்றும் மீன் அது. சொன்ன மாதிரியே பின்னால் வெள்ளைப் புகை போல மணலை விட்டுவிட்டு நகர்ந்தது. மகிழ்ச்சியில் பயிற்சியாளரிடம் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். நீருக்கடியில் அதற்கு 'மேலே போகலாம்' என்று அர்த்தம். அவர் உடனே என்னை அழைத்துக்கொண்டு ஏற ஆரம்பித்துவிட்டார்.

திரும்பும் டிக்கெட்டைப் பார்த்துப் போடுங்கள். பல முழுக்குகள் போட்டவர்கள் விமானம் ஏறுமுன் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்கணும். என் கடைசி நாள் உப்பளத்துப் பக்கம் பூநாரைகளைப் பார்ப்பதில் போனது.