வள்ளல் என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன்

ஜெர்மனியில் வால்டோர்ஃபில் வேலை, சின்ஸ்ஹைம் பக்கத்தில் வீடு. வந்த புதிதில் ஆட்டோபான் என்ற நெடுஞ்சாலை ஓரம் நின்ற கால்பந்து ஸ்டேடியத்தைப் பார்த்து வாயைப் பிளந்தேன். 30,000 பேர் கொள்ளும். அந்த அணியின் பெயரில் இருக்கும் ஹோஃபன்ஹைம் கிராமத்தில் மொத்த ஜனமே 3,000 சொச்சம்தான்.

பணம் டீட்மார் ஹோப் கொடுத்தது. 1972-ல் எஸ்ஏபி என்ற மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கிய ஐவரில் ஒருவர். சின்ன வயதில் இதே கிளப்பில் ஆடியவர். அது உள்ளூர் லீக்கில் கிடந்த காலத்திலிருந்து செலவழித்து, 2008-ல் ஜெர்மனியின் முதல்நிலை லீக்கான பூண்டஸ்லிகாவரை கொண்டுவந்துவிட்டார். வால்டோர்ஃபின் சின்ன கிளப்புக்கும் கொடுத்திருக்கிறார், அங்கே மைதானமே அவர் பெயரில்தான் இருக்கிறது.

மதியச் சாப்பாட்டில், "எப்பேர்ப்பட்ட வள்ளல்!" என்றேன். எதிரே இருந்த சக ஊழியர் டார்ட்மண்ட்காரர். முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். இங்கே கிளப் என்பது உறுப்பினர்களுடையதாம். ஓட்டில் பாதியும் அதற்கு மேல் ஒன்றும் அவர்கள் கையில் இருக்க வேண்டும், 50+1 விதி. இருபது வருடம் விடாமல் ஆதரித்தவருக்கு மட்டும் விலக்கு கொடுத்தார்கள். அப்படித்தான் 2015-ல் ஹோப்புக்குப் பெரும்பான்மை கிடைத்தது. 2020-ல் ஹோஃபன்ஹைமோடு ஆடிய பயர்ன் மியூனிக் அணியின் ரசிகர்கள் அவரைத் திட்டிப் பேனர் பிடிக்க, ஆட்டம் நின்று, கடைசி நிமிடங்களில் இரண்டு அணியும் சும்மா பந்தைத் தட்டிக்கொண்டிருந்ததையும் டார்ட்மண்ட்காரரே சொன்னார். 2023-ல் ஹோப் அந்த ஓட்டுரிமையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கொடுத்தவரைத் திட்டுவதா? எனக்குச் செரிக்கவில்லை. நம் பக்கம் கோயில் டியூப்லைட்டிலேயே உபயதாரர் பெயர் இருக்கும், யாரும் கோபப்பட்டதில்லை.

அப்புறம் மகனை எங்கள் கிராமத்து கிளப்பில் சேர்த்தேன். நானும் உறுப்பினரானேன். அடுத்த சனிக்கிழமையே கேக் கவுண்டரில் நிறுத்திவிட்டார்கள். மனைவி செய்த ரவா கேக்கை வயதான ஒரு அம்மா சந்தேகமாக முகர்ந்து பார்த்துவிட்டு இரண்டு துண்டு வாங்கினார். பக்கத்தில் சாசேஜ் சுட்டவர் ஊர்ப் பல் மருத்துவர், கோட்டுக்குச் சுண்ணாம்பு போட்டவர் ஒரு தாத்தா. யாருக்கும் சம்பளம் கிடையாது. ஹோப் மாதிரி ஒருவர் நாளைக்கு வந்து எல்லாவற்றையும் ஆள் வைத்துச் செய்தால் இந்தத் தாத்தா எங்கே போவார் என்று அன்றைக்குத்தான் தோன்றியது. அதற்காக ஹோப்பைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. அவர் தந்த பணத்தில் இந்தச் சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ பிள்ளைகள் பயிற்சி பெறுகிறார்கள்.

வருடாந்திரக் கூட்டத்தில் புல் வெட்டும் இயந்திரத்துக்காக முக்கால் மணி நேரம் சண்டை. புதிது வாங்குவதா, பழையதைச் சரிபார்ப்பதா? என் அரைகுறை ஜெர்மனில் பாதி புரியவில்லை. ஓட்டெடுப்பில் கைகளைப் பொருளாளர் இரண்டு முறை எண்ணினார், அவ்வளவு நெருக்கம்.

திங்கட்கிழமை டார்ட்மண்ட்காரரிடம் சொன்னேன். "நீ எந்தப் பக்கம்?" என்றார்.

"பழையதே போதும்."

"ஜெயித்ததா?"

"ஒரு ஓட்டில்."

அன்றைக்கு காபி அவர் கணக்கில்.