மூன்றாம் மாரியில் முளைத்த கார்த்திகைக் கிழங்கு

திருகோணமலையை அடுத்த உப்புவெளியில் எங்கள் வளவின் பின்புறத்து மாமர நிழலில், இரண்டு மாரிகளாக என்னை ஏமாற்றிய கார்த்திகைச் செடி (செங்காந்தள்), 2024 கார்த்திகை மாதத்தின் இரண்டாம் கிழமையில் முதலாவது பூவை விரித்தது. காட்டோரப் பற்றைகளில் எவரும் நீரூற்றாமல் ஏறிப் பூக்கும் ஒன்றை வீட்டில் பூக்க வைக்க மூன்று ஆண்டுகள் சென்றன என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

பிழை முழுவதும் கிழங்கின் முனையில் இருந்தது. கலப்பைபோல இரு கைகளாகப் பிரிந்து கிடக்கும் இக்கிழங்கில் உருளைக்கிழங்கைப்போலப் பல கண்கள் இல்லை. ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரேயொரு முளைக்கண் மட்டுமே உண்டு, அதுவும் நகம் பட்டாலே உதிர்ந்துவிடும். 2022இல் பூங்கன்று விற்பவர் ஒருவரிடம் வாங்கிய ஐந்து கிழங்குகளும் உரப்பையில் மணலோடு குலுங்கி வந்தவை. நட்டு மூன்று மாதத்தின் பின் தோண்டிப் பார்த்தபோது, அழுகவும் இல்லை, முளைக்கவும் இல்லை, கல்லுப்போலக் கிடந்தன. முனையைப் பார்த்து வாங்கத் தெரியாதது என் பிழை. முனையற்ற கிழங்கை விலைக்குக் கொடுத்தது அவருடைய பிழை.

2023இல் தம்பலகாமத்து உறவினர் ஒருவர் வேலியோரத்தில் கிண்டித் தந்த கிழங்குகளின் இரு கைகளையும் நான் கையாலேயே முறித்துப் பிரித்து, மரவள்ளித் தடியைப்போல நிமிர்த்தி நட்டேன். அதைப் பார்த்த பக்கத்து வீட்டு ஆச்சி, "தம்பி, உதைக் குத்தி வைக்காதை, படுக்க வை" என்றார். நான் கேட்கவில்லை. வாடையோடு மழை இறங்கிய ஒரு கிழமைக்குள் முறித்த இடத்தால் நீர் ஏறி எல்லாம் கூழாகின.

இம்முறை அதே உறவினரிடம் ஆவணியில் நானே சென்று, மண்வெட்டியைத் தொடாமல், கையால் மண்ணை விலக்கி நான்கு கிழங்குகளை எடுத்தேன். கிழங்கில் கொல்சிசின் என்னும் கொடிய நஞ்சு இருப்பதால் கையுறை அணிந்திருந்தேன். சிறுபிள்ளைகள் உள்ள வீட்டில் இவற்றைப் பூட்டியே வைக்க வேண்டும். கழுவினால் முனை போய்விடும் என்பதால் மண்ணோடேயே விட்டு, இரு கைகளும் கூடும் ஒடுங்கிய இடத்தைப் புதிய பிளேட்டினால் ஒரே இழுப்பில் வெட்டி, வெட்டுவாயில் கரித்தூள் பூசி, இரண்டு நாள் நிழலில் உலர்த்தினேன். பின்னர் மீன் வரும் ரெஜிபோம் (தெர்மகோல்) பெட்டியொன்றை உப்புப் போகக் கழுவி, பிழிந்தால் நீர் சொட்டாத அளவு ஈரமான தும்புத்தூளில் அவற்றைக் கிடையாகப் படுக்க வைத்து மூடினேன். தினமும் திறந்து பார்க்கும் என் கெட்ட பழக்கத்தை மனைவி பெட்டியை ஒளித்து வைத்துத்தான் நிறுத்தினார். இருபத்துமூன்றாம் நாள் ஆறு கைகளில் முனை வீங்கி, ஊதா கலந்த வெண்மையில் நெல்மணிபோல நின்றது. மற்ற இரண்டும் அசையவில்லை.

முனை அசைந்த பின்னரே அவற்றை மணலும் கூட்டெருவும் கலந்த சாடிகளில் நான்கு அங்குல ஆழத்தில் படுக்க வைத்து நட்டேன். பெருமழை நாட்களில் சாடிகளைத் தாழ்வாரத்துக்குள் இழுத்துவிட்டேன். நகரில் இருக்கும் நண்பருக்கோ மழையைவிட வீதியில் திரியும் புள்ளிமான்கள்தான் கவலை. அவருடைய சாடிகளை இருமுறை உருட்டிவிட்டனவாம்.

கொடி ஏறுவதற்கு மூங்கில் நட்டது வீண்வேலை. இலையின் நுனியே பற்றுக்கம்பியாகச் சுருளும் இச்செடியால் தடித்த எதையும் பிடிக்க முடியாது. தென்னை ஈர்க்குகளைச் செருகியதும் இரண்டே நாளில் சுற்றிக்கொண்டது. அதன் பின் கறுப்பு, வெள்ளை, சிவப்புப் புள்ளிகளோடு புழுக்கள் வந்தன. அந்த நஞ்சையே தின்று வளரும் புழுவுக்கு எந்தக் கரைசலை அடிப்பது? விடியற்காலையில் ரோச் லைட்டோடு பொறுக்குகிறேன்.

பூ பச்சையாக விரிந்து, மஞ்சளாகி, நுனியிலிருந்து சிவந்து இறங்குகிறது. சூல்தண்டு அடியிலேயே செங்கோணமாக மடிந்து பக்கவாட்டில் விலகி நிற்பதால் மகரந்தம் தானாக அதில் படுவது அரிது. ஆகவே பக்கத்துச் செடியின் மகரந்தத்தைத் தூரிகையால் எடுத்து மூன்று பூக்களுக்குத் தடவினேன். விதையிலிருந்து பூக்க மூன்று நான்கு ஆண்டுகள் ஆகுமென்றாலும், அதற்கான இரண்டாவது மீன்பெட்டி கிணற்றடியில் கழுவிக் காய்கிறது. தடவிய மூன்றில் இரண்டு வாடி உதிர்ந்தன. மூன்றாவதில் விரல்நுனியளவு பச்சைக் காய் நிற்கிறது.