கவுன்டர் நோட்டு

இரவல் கவுன்டரின் இழுப்பறையில் ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறேன். வந்து நிற்பவர்கள் கேட்கும் கேள்விகளை அவர்கள் வாயால் சொன்னபடியே அதில் குறித்துவைப்பது, பல்கலைக்கழக நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பழக்கம். ஆரம்பப் பக்கங்களைப் புரட்டினால் எல்லாம் ஒரே சாயல்தான். "இந்தப் புத்தகம் எந்த அலமாரியில இருக்கு?" "போன வருஷத்து இதழ் பைண்டிங்லேர்ந்து வந்துடுச்சா?" இப்போதைய பக்கங்களில் அதிகம் வருவது "ஏன் திறக்க மாட்டேங்குது?" உண்மையைச் சொன்னால் அதைவிட அதிகம் கேட்கப்படுவது "ப்ளக் பாயின்ட் எங்கே சார்?" அதைக் குறிப்பதை எப்போதோ விட்டுவிட்டேன்.

இணையத்தில் ஆய்வுக் கட்டுரைகள் திறக்காததன் கதை சுவாரசியமானது. பதிப்பகத்தின் இணையதளத்துக்கு நம் முகம் தெரியாது, பெயர் தெரியாது. எந்த ஐ.பி. முகவரியிலிருந்து, அதாவது எந்த இணைய இணைப்பின் எண்ணிலிருந்து, வருகிறோம் என்பதைத்தான் அது பார்க்கிறது. வளாகத்துக்குள் இருந்து கேட்டால் சந்தாதாரர். அதே ஆள் அன்று இரவு வீட்டிலிருந்து கேட்டால் அந்நியர், கட்டணம் கட்டச் சொல்லும். அந்தச் சுவரைத் தாண்டத்தான் பயனர் பெயர், கடவுச்சொல், வளாகத்துக்குள் இருந்தே கேட்பதுபோல் காட்டும் ப்ராக்ஸி எல்லாம். ஒருமுறை ஒரு பேராசிரியர் தான் படித்த கட்டுரையின் முகவரியை உலாவியின் மேல்பட்டையிலிருந்து அப்படியே நகலெடுத்து மொத்த வகுப்புக்கும் அனுப்பிவிட்டார். அது அவர் உள்நுழைந்திருந்த நேரத்துக்கு மட்டும் உயிருள்ள இணைப்பு. மறுநாள் காலை கவுன்டர் முன்னால் வரிசை. எல்லோர் வாயிலும் ஒரே வாக்கியம்: "லைப்ரரி சைட் வேலை செய்யலை."

நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகங்களுக்கு வகுத்த ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. மூன்று திரை, இரண்டு கடவுச்சொல், கடைசியில் "உங்களுக்கு அனுமதி இல்லை" என்று ஒரு வரி. அவர் பார்த்தால் என்ன சொல்வாரோ. எங்களால் முடிந்தது ஒன்று செய்தோம். கட்டுரைக்கென்றே தரப்படும் நிரந்தர அடையாள எண்ணான டி.ஓ.ஐ.யை ஒட்டினால், எங்கிருந்து திறந்தாலும் வேலை செய்யும் இணைப்பைத் தரும் ஒரு சின்னப் பெட்டியை நூலகத்தின் முகப்புப் பக்கத்தில் வைத்தோம். புகார் பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதிக்குத் தொலைபேசிதான்.

இதில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. எல்லாம் ஒழுங்காக ஓடும்போது நூலகம் கண்ணிலேயே படாது. "உங்க லைப்ரரியில ஒண்ணும் இல்ல சார், எனக்கு வேண்டியதெல்லாம் கூகுள்லயே கிடைச்சுடுது" என்று ஓர் ஆய்வு மாணவர் என்னிடமே சொன்னார். அவர் மடிக்கணினியில் திறந்திருந்த பி.டி.எஃப். எங்கள் சந்தாவில் வந்தது. ஓரத்தில் நிறுவனத்தின் பெயர்கூடப் பொடி எழுத்தில் இருந்தது. காட்டினேன். "ஓ" என்றார், அவ்வளவுதான். சந்தா புதுப்பிக்கும் மாதத்தில் மேசைக்கு வருவது இன்னொரு வகை வேலை: எந்த இதழ் எத்தனை முறை திறக்கப்பட்டது என்ற பட்டியல். ஒரே கட்டுரையை முப்பது நொடிக்குள் இரண்டு முறை சொடுக்கினால் ஒன்றாகவே எண்ண வேண்டும் என்பது வரை அதற்கு விதி இருக்கிறது. அத்தனை கறாரான கணக்குக்கும் தெரியாத ஒன்று, மூன்றே பேர் உள்ள ஒரு துறையில் வருஷத்துக்கு ஐந்து முறை திறக்கப்படும் இதழ்தான் ஒருவருடைய ஆய்வேட்டைத் தாங்கி நிற்கிறது என்பது. பட்டியலின் அடியில் கிடக்கும் பெயர்களுக்காக ஒவ்வொரு வருஷமும் வாதாடுகிறேன். பாதி நேரம் தோற்கிறேன்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது. அப்புறம் நோட்டில் புது வகைக் கேள்வி சேர்ந்தது. ஒரு மாணவி மண் பற்றிய பதினொரு கட்டுரைகள் கொண்ட பட்டியலை அச்சிட்டு எடுத்துவந்தார். ஏழு கிடைத்துவிட்டதாம். "மீதி நாலை மட்டும் வேற லைப்ரரிலேர்ந்து வாங்கித் தர முடியுமா சார்?" முதல் பார்வையில் எனக்கும் சந்தேகம் வரவில்லை. இதழின் பெயர் சரி. ஆசிரியர் அந்தத் துறையில் உண்மையிலேயே எழுதுகிறவர். தொகுதி எண்ணும் ஆண்டும்கூடப் பொருந்தின. அந்தத் தொகுதியின் பொருளடக்கத்தைத் திறந்து பார்த்தால், பட்டியலில் இருந்த பக்க எண்கள் வேறொருவர் கட்டுரையின் நடுவில் போய் விழுந்தன. டி.ஓ.ஐ.யைப் போட்டேன், மண் பற்றி வரவேண்டிய இடத்தில் மீன் வளர்ப்புக் கட்டுரை வந்தது. இன்னொன்று அப்படி ஒரு எண்ணே இல்லை என்றது.

"அப்போ இந்தக் கட்டுரை எங்கே சார் இருக்கு?"

"எங்கேயும் இல்லைம்மா."

முகம் வாடிவிட்டது. அந்த இயந்திரம் எதையும் தேடி எடுத்துத் தரவில்லை, மேற்கோள் எப்படி இருக்குமோ அப்படிச் சொற்களைக் கோத்துத் தந்திருக்கிறது என்று சொன்னேன். அப்புறம் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, உனக்கு உண்மையில் என்னதான் தெரிய வேண்டும் என்று கேட்டேன். சொல்லத் தொடங்கியவருக்கு இருபது நிமிடம் ஆயிற்று. அவர் இதுவரை தேடிக்கொண்டிருந்தது "உப்பு மண்". துறைக்காரர்கள் எழுதுவது "உவர்த்தன்மை". தரவுத்தளத்தின் பொருள் தலைப்பில் அந்தச் சொல்லைப் போட்டதும் வேண்டியவை வரிசையாக வந்தன. நான் செய்தது ஒரு சொல்லை மாற்றியது மட்டும்தான்.

அடுத்தவர் ஏமாந்ததை எழுதுகிறவன் என் கதையையும் எழுதித்தான் ஆக வேண்டும். மேசை போட இடம் வேண்டும் என்று பைண்டு செய்த பழைய இதழ்த் தொகுதிகளைக் கழித்தோம். எல்லாம் இணையக் காப்பகத்தில் இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டவன் நான். ஒரு வருஷம் கழித்து ஓர் ஆய்வாளர், அவற்றில் ஒரு தொகுதியில் உள்ள மடிப்பு வரைபடம் வேண்டும் என்று வந்தார். காப்பகத்தில் திறந்தோம். ஸ்கேன் செய்தவர் வரைபடத்தைப் பிரிக்கவே இல்லை. மடித்த தாளின் மேல் கால்பங்கு மட்டும் திரையில் தெரிந்தது. ஆற்றின் ஒரு வளைவும் பாதி எழுத்துகளும். இரண்டு மூன்று நூலகங்களுக்கு எழுதி, ஒன்றில் தாள் பிரதி இருப்பதைக் கண்டுபிடித்து, அவர்கள் அதைப் பிரித்துப் படமெடுத்து அனுப்பியபோதுதான் மூச்சு வந்தது. மின்னிதழ்களைப் பல நூலகங்களில் பிரதியெடுத்துப் பாதுகாக்க ஸ்டான்ஃபோர்டில் 1999இல் தொடங்கிய லாக்ஸ் திட்டத்தின் பெயருக்கே, நிறையப் பிரதிகள் இருந்தால்தான் பத்திரம் என்று பொருள். அதுவரை எனக்கு அது வெறும் பெயர். இப்போது எந்தத் தொகுதியைக் கழித்தாலும் முதலில் புரட்டி, மடிப்புத் தாள் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கிறேன்.

தொகுதிகள் நின்ற இடத்தில் இப்போது மேசைகள். ப்ளக் பாயின்டும் உண்டு, காலையிலேயே நிரம்பிவிடும். மண் ஆய்வு மாணவி அங்கேதான் உட்காருவார். போன வாரம் திருத்திய பட்டியலோடு கவுன்டருக்கு வந்தார். ஒவ்வொரு மேற்கோளின் பக்கத்திலும் பென்சிலால் டிக். ஒன்றில் மட்டும் கேள்விக்குறி. "இது நிஜமாவே இருக்கா, இல்லையா சார்?"

தேடினோம். இருந்தது. ஆசிரியர் பெயரில் ஒரு எழுத்து தவறு, அதுவும் தட்டச்சில் மாணவியே விட்டது. சிரித்துக்கொண்டே டிக் போட்டார். நான் இழுப்பறையைத் திறந்து நோட்டை எடுத்தேன்.